சூடானதும் நிற்கும் பழைய புல்லட்: கரன்டா, பெட்ரோலா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்திருந்த 90களின் புல்லட் 350, பாயிண்ட் (இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடி, காயிலுக்குப் போகும் கரன்டை வெட்டிவிடும் தொடுமுனை) உள்ள 12 வோல்ட் வண்டி. காலையில் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. பிளக் மாற்றியாயிற்று, பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயில் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. ஒரு மெக்கானிக் கரன்ட் கோளாறு என்கிறார், ஒருவர் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார், மூன்றாமவர் எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்த வினை என்கிறார். யார் சொல்வதை நம்பி அடுத்த செலவைச் செய்வது என்பதுதான் கேள்வி. என் பதில்: இப்போதைக்கு யாரையும் நம்ப வேண்டாம். மூன்று பேரும் வண்டி ஆறிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். ஆறிய வண்டியில் கோளாறே இல்லை. இல்லாத கோளாறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வண்டி நின்ற இடத்தில், நின்ற இரண்டு மூன்று நிமிடத்துக்குள், நீங்களே பார்க்க வேண்டிய வேலை இது. பட்டறையில் பாயிண்ட் வண்டிகளோடு பல வருடம் கழித்தவன் என்ற முறையில் எதை எந்த வரிசையில் பார்ப்பேன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்ணியைப் பற்றி. ‘ஆறினால் ஓடுகிறது, அப்படியானால் சூடுதான் காரணம்’ என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் இன்ஜின் ஆறுவது உண்மை. அதே அரை மணி நேரத்தில் வேறு ஒன்றும் நடக்கலாம்: டேங்குக்குள் காற்று மெல்லக் கசிந்து நுழைந்துவிடலாம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்க மறுக்கும். புல்லட்டில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் கார்புரேட்டருக்கும் இருபது சென்டிமீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அது தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம் அளவுதான். டேங்குக்குள் அவ்வளவு குறைந்தாலே போதும், ஓட்டம் நின்றுவிடும். நிறுத்தி வைத்த நேரத்தில் மூடியின் ரப்பர் ஓரமாகக் காற்று புகுந்ததும் மறுபடி ஓடும். பார்ப்பவருக்கு இது அச்சு அசலாகச் சூட்டுக் கோளாறு மாதிரியே தெரியும்.

போன வருடம் டேங்குக்குப் பெயிண்ட் அடித்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. பெயிண்டர் மூடியையும் சேர்த்து அடித்திருந்தால் துளை மூடியிருக்கலாம். புதிதாகப் பூட்டு வைத்த மூடி போட்டிருந்தால் அதன் உள் ரப்பர் துளையை அடைத்திருக்கலாம். எனவே அடுத்த முறை வண்டி நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம், வேறு எதையும் தொடாமல் டேங்க் மூடியைத் திறப்பது. ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடம் விட்டு உதைத்ததும் ஸ்டார்ட் ஆனால் காரணம் கிடைத்துவிட்டது. ஆற விடாமலே ஓடிவிட்டதே, அதுதான் சாட்சி. சத்தம் கேட்கவில்லை, வண்டியும் எழவில்லை என்றால் மூடியை இறுக்கமாகத் திருப்பி மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூடியை மூடாமல் பிளக் சோதனைக்குப் போகாதீர்கள். சூடான இன்ஜின், பெட்ரோல் ஆவி, நெருப்புப் பொறி மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

வண்டி எப்படி நின்றது என்பதும் முக்கியம். அதை நீங்கள் எழுதவில்லை. சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நின்றதா? அல்லது இழுவை குறைந்து, முக்கி, இரண்டு மூன்று முறை தள்ளாடி நின்றதா? முதல் வகை பெரும்பாலும் கரன்ட். இரண்டாவது வகை பெரும்பாலும் பெட்ரோல், ஏனென்றால் டேங்கிலிருந்து வருவது நின்றாலும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருப்பது ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். தள்ளாடும்போது சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுத்துப் பாருங்கள். ஒரு கணம் உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ‘பெரும்பாலும்’ என்று இரண்டு இடத்திலும் சொன்னேன், கவனித்திருப்பீர்கள். மெல்லச் செத்துப்போகும் கண்டென்சரும் (பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன மின்தேக்கி) மிஸ்ஸிங் கொடுத்து, படபடத்து, பெட்ரோல் கோளாறு போலவே நடிக்கும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இனி கரன்ட் பக்கம். உங்கள் வண்டியின் ஹெட்லைட் மேலேயே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. கரன்ட் ஓடுவதை முள்ளால் காட்டும் அம்மீட்டரைத்தான் சொல்கிறேன். பழைய ஆட்கள் அதன் முள்ளைப் பார்த்துத்தான் கிக்கரை எந்த இடத்தில் நிறுத்தி உதைப்பது என்று முடிவு செய்வார்கள். வண்டி நின்றதும் விளக்குகளை அணைத்து, இக்னிஷனை ஆன் செய்து, டீகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றி உதைப்பதை எளிதாக்கும் பிடி) அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றின் (பாயிண்டோடு இணைந்த பிரைமரி கம்பிச்சுற்று) தடை 3 முதல் 4 ஓம் வரை இருக்கும், ஆகவே 3, 4 ஆம்பியர் ஓடும். அந்த அளவு சாய்வு கண்ணுக்குத் தெரியும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்ப வேண்டும். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் பாயிண்ட் ஒரு முறை திறக்கும், ஆகவே நாலைந்து மிதி பொறுமையாக மிதித்துப் பாருங்கள்.

முள் அசையவே இல்லை என்றால் காயிலுக்குக் கரன்ட் போகவில்லை, அல்லது பாயிண்டின் முகங்கள் ஒட்டாமல் அழுக்கேறியிருக்கின்றன. பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி முனைகள், எர்த் வயர் என்று தேட வேண்டும். முள் கழித்தல் பக்கமே நின்று திரும்பாவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் முனை எங்கோ பாடியில் தொட்டு எர்த் ஆகிறது. பாயிண்ட் மாற்றும்போது இன்சுலேஷன் வாஷரை வரிசை மாற்றிப் போட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். கண்டென்சரே உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறிதான். முள் ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் வண்டி எழவில்லை என்றால் முதல் சுற்று சரி. சந்தேகம் கண்டென்சர் மேலும் பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயிலின் இரண்டாம் கம்பிச்சுற்று மேலும் போகிறது. அல்லது இது கரன்ட் கோளாறே இல்லை.

அடுத்தது பிளக். கழற்றியதும் முகத்தைப் பாருங்கள். பல முறை உதைத்த பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிறகு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உடல் இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து உதைத்துப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலானவர்கள் ஏமாறுவார்கள். பொறி தெரிந்ததும் ‘கரன்ட் இருக்கு’ என்று முடிவு செய்துவிடுவார்கள். திறந்த வெளியில் தாவும் பொறி, சிலிண்டரின் அழுத்தத்துக்குள் தாவும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய பிளக் ஒன்றின் இடைவெளியை 5 மில்லிமீட்டர் வரை விரித்து ஒரு சோதனைப் பிளக்காகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைத் தாண்டி நீல வெள்ளையாகத் தடித்த பொறி வந்தால் நம்பலாம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ கரன்ட் பக்கம்தான் கோளாறு.

அப்படியானால் என் முதல் சந்தேகம் கண்டென்சர். நீங்கள் பிளக்கையும் காயிலையும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், கண்டென்சர் பற்றிப் பேச்சே இல்லை. விலை குறைந்த பொருள் என்பதாலோ என்னவோ யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரன்ட் எங்காவது போயாக வேண்டும். கண்டென்சர் அதை வாங்கிக்கொண்டால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து பிளக்கில் பொறி பாயும். கண்டென்சர் வாங்காவிட்டால் அந்தக் கரன்ட் பாயிண்டின் இடைவெளியிலேயே தீப்பொறியாக எரியும். பிளக்குக்குப் போகும் பொறி சோர்ந்துவிடும். கண்டென்சர் இருப்பதோ சிலிண்டருக்குப் பின்னால், சூடு ஏறும் இடத்தில். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் கெட ஆரம்பித்தால் குளிர்ச்சியில் தாங்கும், சூட்டில் கசியும். மல்டிமீட்டரில் வைத்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வார்கள். பாயிண்ட் திறக்கும்போது அந்த முனையில் இருநூறு, முந்நூறு வோல்ட் எழும்புகிறது. மீட்டரின் சின்ன பேட்டரி கொடுக்கும் சில வோல்ட்டில், அதுவும் ஆறிய பிறகு செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

இதற்கு ஒரு மலிவான வழி உண்டு. பழைய அம்பாசடர் காரின் பாயிண்டுக்கு வரும் கண்டென்சர் ஒன்று வாங்குங்கள். இந்த வகை எல்லாமே ஏறக்குறைய 0.2 மைக்ரோபாரட் அளவுதான். அதன் வயரைக் காயிலில் பாயிண்டுக்குப் போகும் முனையில் மாட்டி, உடலை நல்ல எர்த்தில் இறுக்கி, சூடு படாத இடத்தில் வெளியே வைத்துவிடுங்கள். முக்கியமாக, பழைய கண்டென்சரின் வயரைப் பிரித்துவிட வேண்டும். கசியும் கண்டென்சரை இருக்கவிட்டுப் பக்கத்தில் புதியதை மாட்டினால் கசிவு அப்படியேதான் இருக்கும். பிறகு ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக நிற்கும் தூரத்தைத் தாண்டி இரண்டு மடங்கு ஓடினால் விஷயம் முடிந்தது. வெளியே வைத்ததை அப்படியே நிரந்தரமாக விட்டாலும் தப்பில்லை, நான் பல வண்டிகளில் அப்படித்தான் விட்டிருக்கிறேன். பெட்டியைப் பிரித்துப் போட்ட புதிய கண்டென்சரே முதல் நாளில் கெட்டுப்போவதும் நடக்கிறது. ‘புதுசு’ என்பதை ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றிய காயிலுக்கும் இது பொருந்தும். காயிலைச் சோதிக்க, வண்டி நின்றதும் காயிலின் உடலில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி, வயர் முனைகள் நனையாமல் பார்த்துக்கொண்டு, சில நிமிடம் ஆற விடுங்கள். இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி எழுந்தால் சந்தேகம் காயில் மேல்.

பாயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.45 முதல் 0.50. உப்புத்தாளால் தேய்த்தால் அதன் மணல் துகள் முகத்தில் பதிந்து மறுபடி தொல்லை தரும். மெல்லிய அரத்தால் ஓரிரு இழுப்பு, பிறகு பெட்ரோல் தொட்ட சுத்தமான துணி, அவ்வளவுதான். வயரிங்கில் இரண்டு சோதனை செய்து பாருங்கள். வண்டி ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். நின்றாலோ முள் துடித்தாலோ கழுத்துப் பகுதியில் வயர் உரசியிருக்கிறது. சாலையில் நின்றபோது பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து, நடுவில் பியூஸ் வைத்த ஒரு வயரை நேராகக் காயிலின் கரன்ட் வரும் முனைக்குக் கொடுங்கள். ஓடினால் கோளாறு இக்னிஷன் சுவிட்சிலோ இடைப்பட்ட வயரிலோ. வயர் மாட்டியிருக்கும் வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது, கழற்ற மறந்தால் காயில் எரிந்துபோகலாம்.

இன்ஜினை இறக்கச் சொன்னவரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. அவர் சொன்னதில் ஒரு சின்ன உண்மை இருக்கலாம். நின்றதும் கிக்கரை மெதுவாக மிதித்து, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) வழக்கம் போல் காலைத் தடுக்கிறதா என்று பாருங்கள். கால் சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கினால் வால்வ் மூடவில்லை. வால்வைத் திறக்கும் டேப்பட்டை ரொம்ப இறுக்கி வைத்திருந்தால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் முழுதாக உட்காராது. குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, புஷ் ராட் (வால்வை இயக்கும் நீளக் கம்பி) விரலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டீகம்ப்ரஷர் கேபிளுக்கும் கொஞ்சம் தளர்வு வேண்டும். இவை ஸ்பானரோடு முடிகிற வேலைகள். கம்ப்ரஷன் சரியாக இருந்தால் இன்ஜின் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று என்றால் மூன்றாம் முறை கழுவ வேண்டாம். ஆறிய வண்டியில், நெருப்பு இல்லாத இடத்தில், கார்புரேட்டர் பக்கத்து பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு பெட்ரோல் டேப்பைத் திறங்கள், டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 வேகத்தில் மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 மில்லி தான் குடிக்கிறது. நீங்கள் பார்க்கும் ஓட்டம் அதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் ஆனாலும் இளைக்கக் கூடாது. இளைத்தால் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே பெருகினால் மூடியின் துளை. திறந்த பிறகும் சொட்டினால் டேப்பின் வலையில் துரு. மழைக்காலத்தில் பாதி டேங்கோடு கிடந்த பழைய வண்டியில் துரு இருக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனால் விஷயத்தில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் படிப்படியாகப் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். லிட்டருக்கு லிட்டர் அதன் ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முழுதாக எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். எனவே பழைய ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளை) வைத்த கார்புரேட்டரில் கலவை கொஞ்சம் மெலியும். இவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. பழைய ரப்பர் வளையங்களும் குழாய்களும் உப்பவோ விரிசல் விடவோ செய்யும் என்பதும் சரி, ஆனால் உங்கள் வண்டியில் எந்தக் காலத்து ரப்பர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 கிலோமீட்டரில் நின்று அரை மணியில் எழுவதற்கு எத்தனால் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அதே பெட்ரோல் பங்கில் நிரப்பும் மற்ற பழைய புல்லட்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? வேபர் லாக், அதாவது சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது, என்பதும் அப்படித்தான். பெட்ரோல் குழாய் சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போனால் நடக்கலாம். காற்று படும் இடத்தில் போனால் அபூர்வம். அந்தப் பெயரில் என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் மூடித் துளைப் பிரச்சினைதான்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், பராமரிப்பு குறையும். காரணம் தெரிவதற்கு முன் போடாதீர்கள். கோளாறு மூடித் துளையிலோ சுவிட்சிலோ இருந்தால் புதிய இக்னிஷனோடும் அதே இடத்தில் நிற்பீர்கள். அதோடு எலக்ட்ரானிக் பெட்டி சூட்டில் நின்றால் சாலையோரத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்டுக்கு ஸ்க்ரூ டிரைவரும் கைவசம் ஒரு கண்டென்சரும் போதும். சிடிஐ (பாயிண்ட் இல்லாத ஒரு வகை எலக்ட்ரானிக் இக்னிஷன்) உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், மேலே சொன்ன அம்மீட்டர், கண்டென்சர் விஷயங்கள் உங்களுக்குப் பொருந்தாது. அங்கே சூட்டில் அறுந்து ஆறினதும் ஒட்டிக்கொள்ளும் பல்சர் காயிலை (பொறி பாய வேண்டிய நேரத்தைச் சொல்லும் சின்ன காயில்) முதலில் பாருங்கள்.

படிக்கிற தூரத்திலிருந்து இவ்வளவுதான் சொல்ல முடியும். டேங்க் மூடியா, கண்டென்சரா என்று பந்தயம் கட்டச் சொன்னால் பெயிண்ட் அடித்த கதையால் மூடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவேன்; சட்டென்று நின்றது என்று நீங்கள் சொன்னால் கண்டென்சருக்கு மாற்றிக்கொள்வேன். வீட்டைச் சுற்றியே, நடுவில் ஆற விடாமல், ஐந்து ஐந்து கிலோமீட்டர் வட்டமாக ஓட்டிப் பாருங்கள், நின்றாலும் தள்ளிக்கொண்டு வரலாம். நின்றதும் மூடி, முள், பிளக், கம்ப்ரஷன் என்று பார்த்ததை அங்கேயே குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். முடிந்தால் பாயிண்டின் இரண்டு முகங்களையும் நெருக்கத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் தெரிந்தால், எந்த முகத்தில் எது என்பதை வைத்து இப்போது இருக்கும் கண்டென்சரின் அளவு அந்தக் காயிலுக்குப் பொருந்துகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.